தாமஸ் வீட்டு ஞாயிற்றுக்கிழமை

தாமஸ் வீட்டில் வாரத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. ஒன்று ஊர் ஞாயிறு. காலண்டரில் சிவப்பாக இருக்கும், பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், தெருவில் பையன்கள் பந்து அடிப்பார்கள். அதோடு இவர்களுக்குப் பெரிய ஒட்டுறவு கிடையாது. இன்னொன்று வீட்டு ஞாயிறு. அது செவ்வாய்க்கிழமையன்று வரும்.

காரணம் ரொம்பச் சின்னது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் தாமஸ் இருபத்து நான்கு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். முன்னால் இரண்டு இரும்புக் கொம்புகளை நீட்டிக்கொண்டு பாரம் தூக்கும் வண்டி. அங்கே மெஷின் நிற்காது என்பதால் ஆளுக்கொரு நாள் வார விடுமுறை. தாமசுக்கு விழுந்தது செவ்வாய். ஞாயிறு கிடைத்த புண்ணியவான்கள் யாரும் ரிட்டையர் ஆகும்வரை அதைக் கையை விட்டு நழுவ விடவில்லை. அவர் மனைவி சவரியம்மாள் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கிக் குழம்பு வைத்தால், சாப்பிட வேண்டிய ஆள் தயிர்சாத டப்பாவோடு கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்.

"இன்னா பெரிய ஞாயித்துக்கெழம? நீ என்னிக்கி வூட்டுல கீறியோ அன்னிக்கிதான் ஞாயித்துக்கெழம" என்று ஒருநாள் சட்டம் போட்டாள். அன்றிலிருந்து எண்ணெய்க் குளியல், கறிக்குழம்பு, மதியத் தூக்கம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது எல்லாம் செவ்வாய்க்கு மாறிவிட்டன.

பங்குச் சாமியாருக்கு மட்டும் வருத்தம். ஞாயிறு பூசைக்கு ஏன் வருவதில்லை என்று பிடித்துக்கொண்டார்.

"செவ்வாக்கெழம அந்தோணியார் நவநாளுக்கு மொத ஆளா வந்து நிக்கிறேனே சாமி?"

"அது நவநாளுப்பா. நான் ஞாயிறு பூசையக் கேக்கறேன்."

"எங்க வூட்டுக்கு அன்னிக்கிதான் சாமி ஞாயிறு."

"விட்டா கிறிஸ்துமஸையும் உன் ஷிப்டுக்கு மாத்தச் சொல்லுவே போல" என்று சாமியார் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் கோபப்பட முடியவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர்களுக்கு ஜெர்சி பிறந்தாள். ஒன்றாம் வகுப்பில் டீச்சர், "ஞாயித்துக்கிழமை நீங்க எல்லாரும் என்ன செய்வீங்க?" என்று கேட்டபோது, ஜெர்சி எழுந்து நின்று, "ஸ்கூலுக்கு வருவேன் மிஸ். சாயங்காலம் வூட்டுக்குப் போயி கறி துன்னுவேன்" என்றாள். டீச்சர் சவரியம்மாளை வரச் சொல்லி அனுப்பினார்.

"பொண்ணுக்குக் கிழமை சொல்லிக் குடுங்கம்மா."

"அவளுக்குக் கெழமையெல்லாம் நல்லாத் தெரியும் டீச்சர். ரெண்டு செட்டு தெரியும்."

தாமஸ் ரிட்டையர் ஆனார். இனி ஏழு நாளும் விடுமுறைதான். ஆனாலும் ஞாயிறு மட்டும் செவ்வாயை விட்டு நகரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் சவரியம்மாள் போய்ச் சேர்ந்த பிறகும், மகள் வேலைக்குப் போனபின் வடக்குப்பட்டு வீட்டில் தனியாக இருந்துகொண்டு செவ்வாய்தோறும் கால் கிலோ கறி வாங்கி அவரே குழம்பு வைத்தார். உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது.

ஜெர்சி ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. அப்பாவுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போனால் அது அப்படியே இருக்கும். அடுப்பில் வைத்த பால் மட்டும் சுண்டிக் காணாமல் போயிருக்கும். மூன்றாவது முறை பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை மூடியபோது, தாமஸ் தெருமுனையில் நின்று ஒரு லாரி டிரைவருக்கு ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் ஜெர்சி படப்பை–ஒரகடம் சாலையில், டேங்க் ஸ்டாப்பில் இறங்கி உள்ளே போனால் வருகிற 'அந்திச்சோலை மூத்தோர் குடியிருப்பு' என்ற இடத்தைப் போய்ப் பார்த்தாள். இரண்டே தளம். கீழ்த்தளத்தில் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்கள். மாடியில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியவர்கள். மாடிக் கதவுக்கு எண் போட்டுத் திறக்கிற பூட்டு. வாசலில் பெரிய எழுத்தில் 'இதுவும் உங்கள் வீடு' என்று எழுதியிருந்தது.

ஜெர்சி கல்லூரியில் சேர்ந்தபோது, 'குடும்பத்தில் முதல் பட்டதாரி' என்ற சான்றிதழுக்காக தாமஸ் கிராம நிர்வாக அலுவலர் ஆபீசுக்கு நான்கு முறை நடந்தார். அந்தச் சான்றிதழ் வாங்கியவள்தான் வடக்குப்பட்டில் அப்பாவை ஹோமில் கொண்டுபோய் விட்ட முதல் மகளும். இந்த இரண்டாவது சான்றிதழுக்கு யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. தெருவே கூப்பிட்டுக் கொடுத்தது.

"மூணு மாசம் இருந்து பாருப்பா. பிடிக்கலன்னா வந்துடலாம்" என்றாள்.

"ப்ரொபேஷனா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோ."

"கன்ஃபர்ம் பண்லன்னா?"

"உன்ன யாருப்பா கன்ஃபர்ம் பண்றது? நீதான் அவங்கள கன்ஃபர்ம் பண்ணணும்."

இந்தப் பதில் தாமசுக்குப் பிடித்துப்போயிற்று. முதல் வாரம் முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிச்சன், குழாய், தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் போய்ச் சோதித்தார். இரண்டாவது வாரம் இசக்கிதுரை கிடைத்தார்.

இசக்கிதுரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். இங்கே ஒரு கார் கம்பெனியில் இருக்கும் மகனை நம்பி வந்தவர். முட்டி தேய்ந்துபோனதால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வர சக்கர நாற்காலி. அதைத் தள்ளுகிற பொறுப்பை தாமஸ் யாரையும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். திருப்பத்துக்கு முன்னால் வாயால் ஹாரன் அடிப்பார். பின்னால் நகர்ந்தால் "பீப் பீப்" என்பார்.

"வேய் தாமசு, என்னைய என்ன மூட்டைன்னு நெனச்சீரா?"

"மூட்டையா இருந்தா கொம்ப வுட்டு ஒரே தூக்கா தூக்கியிருப்பேன் சார். மனுசன்றதால தள்ளிகினு போறேன்."

"மெதுவாத் தள்ளும்யா. சாப்பாடு எங்கயும் ஓடிறாது."

"அப்பளம் ஓடிடும் சார்."

மூன்று மாதம் முடிந்தது. கன்ஃபர்ம் ஆயிற்றா என்று ஜெர்சி கேட்டாள். "இந்த ஞாயித்துக்கெழம விஷயம் ஒண்ணுதான் பாக்கி" என்றார் தாமஸ். அந்திச்சோலையில் சைவச் சாப்பாடு. ஊர் ஞாயிறு அன்று மட்டும் கோழி. ஆட்டுக்கறி உள்ளே வராது. செவ்வாய்க்கிழமை அவருக்கு வாழைக்காய்ப் பொரியல்.

எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரைக்கு ஜெர்சிக்கு போன் வந்தது. கம்பெனி அசெம்பிளி லைனில் நின்றபடியே எடுத்தாள். குடியிருப்பின் மேனேஜர் கார்முகில்.

"ஜெர்சி மேடம், தாமஸ் அங்கிள் உங்ககூட இருக்காரா?"

"இல்லையே. ஏன்?"

"காலைல ஏழு மணிக்கு கேட் ரெஜிஸ்டர்ல எழுதிட்டுப் போயிருக்கார். எங்கேன்னா படப்பை. திரும்பும் நேரம் ஒன்பது. போனை ரூம்லயே விட்டுட்டார்."

"காரணம்னு ஒரு இடம் இருக்குமே, அதுல என்ன எழுதியிருக்கார்?"

கார்முகில் கொஞ்சம் தயங்கினாள். "'கறி'ன்னு எழுதியிருக்கார் மேடம்."

ஜெர்சி பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினாள். படப்பையில் கறிக்கடை கறிக்கடையாகத் தேடிவிட்டு, ஒன்றரை மணிக்கு அந்திச்சோலை வாசலில் இறங்கியபோது தாமஸ் அங்கே நின்றுகொண்டிருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கையில் கறுப்பு பாலித்தீன் பை. எதிரே சமையல்காரம்மா கங்கம்மாள், இடுப்பில் கை.

"என் கிச்சனுக்குள்ள ஆடு வராது. ஞாயித்துக்கெழம கோழி மட்டும்தான்."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழமதான். அது போவட்டும், கோழியெல்லாம் ஒரு கறியாம்மா?"

இன்று ஞாயிற்றுக்கிழமை என்று அவர் அழுத்திச் சொன்னது அங்கே நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது. கார்முகில் ஜெர்சியைப் பார்த்தாள்.

"ஏன் அங்கிள் இவ்ளோ நேரம்?"

"டிராஃபிக்மா. ரோட்டப் பாத்தியா, லாரியாப் போவுது."

கங்கம்மாள் அரை மணி நேரம் திட்டினாள். பிறகு, கறி கெட்டுப்போகும் என்பதால் கொல்லைப்புறத்தில் விசேஷத்துக்கு வைத்திருந்த பெரிய அடுப்பைப் பற்ற வைத்தாள். பதினோரு பேர் சாப்பிட்டார்கள். அதில் இரண்டு பேர் சேரும்போது 'சுத்த சைவம்' என்று எழுதிக் கொடுத்தவர்கள்.

அடுத்த செவ்வாய் டாக்டர் வந்தார். மாதம் இரண்டு முறை வருகிற இளைஞர். கார்முகில் சொன்னதன் பேரில் தாமசை உட்கார வைத்து, ஞாபகத்தைச் சோதிக்கிற முப்பது மதிப்பெண் தாளை எடுத்துக் கேள்வி கேட்டார். இருபதுக்குக் கீழே போனால் மாடி. அதுதான் அங்கே விதி. மூன்று நாள் கழித்துக் கார்முகில் ஜெர்சியைக் கூப்பிட்டு அந்தத் தாளையும், மாடிக்கு மாற்றச் சம்மதம் தெரிவிக்கும் படிவத்தையும் மேசையில் வைத்தாள். பதினேழு.

"கஷ்டமாத்தான் இருக்கும் மேடம். ஆனா அங்கிளுக்குச் சேஃப்டி முக்கியம். இன்னொரு தடவை இப்படிக் காணாமப் போனா நான் என்ன பதில் சொல்வேன்?"

ஜெர்சி தாளைப் பார்த்தாள். 'இன்று என்ன கிழமை?' என்பதற்கு நேரே 'ஞாயிறு' என்று எழுதிச் சிவப்பில் சுழித்திருந்தது. நாளை, நேற்று இரண்டும் தப்பு. கீழே, 'கடிகாரம் வரைக' என்ற இடத்தில் தாமஸ் அழகாக ஒரு வட்டம் போட்டிருந்தார். உள்ளே மூன்றே எண்கள். ஆறு, இரண்டு, பத்து.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். கார்முகிலின் முகம் சுருங்கியது.

"இல்ல மேடம், தப்பா நெனைக்காதீங்க. இது மூணும் ஷிப்ட் மாறுற நேரம். ஆறு மணி, ரெண்டு மணி, பத்து மணி. மத்த நேரத்துல கடிகாரத்தப் பாக்கிறவன் வேலைக்காரனே இல்லம்பார் எங்கப்பா. செவ்வாய்தான் எங்க வீட்டு ஞாயிறு. இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன்."

அம்மா போட்ட சட்டத்திலிருந்து ஒன்றாம் வகுப்பு டீச்சர் வரைக்கும் சொன்னாள். கார்முகில் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில், "டாக்டர்கிட்ட இன்னொரு தடவை கேட்கச் சொல்றேன். ஆனா அதுலயும் இருபதுக்குக் கீழேன்னா நீங்க கையெழுத்துப் போடணும்" என்றாள்.

"போடறேன்" என்றாள் ஜெர்சி. அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் மாடி கண்ணுக்குத் தெரிந்தது. கதவுக்கு எண் பூட்டு போட்ட இடத்தில் அப்பா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாசல் வரைக்கும் போய் லாரிகளைப் பார்த்துவிட்டு வருகிற அப்பா.

மறுபரீட்சை ஒரு வியாழக்கிழமை வைத்தார்கள். கீழ்த்தளமே பரபரப்பானது. இசக்கிதுரை பயிற்சி கொடுத்தார்.

"வேய், இன்னைக்கு என்ன கெழமைன்னு கேட்டா என்ன சொல்லுவீரு?"

"யாரு கேக்கறான்றதப் பொறுத்து கீது சார்."

"வெளங்கினாப்லதான். மாடியில இருந்து கையக் காட்டும், நான் கீழ இருந்து பாத்துக்கிடுதேன்."

டாக்டர் மேசைக்கு எதிரே தாமஸ் சலவைச் சட்டையில் உட்கார்ந்தார். பக்கத்தில் கார்முகில். சுவர் ஓரம் ஜெர்சி. வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

"ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?"

"உங்க கெழமையா, எங்க கெழமையா?"

"ரெண்டும் சொல்லுங்க."

"ஊருக்கு வியாழன். எங்க வூட்டுக்கு செவ்வா."

டாக்டர் எழுதப் போனவர் நிறுத்தினார். "செவ்வாய்தான் உங்களுக்கு ஞாயிறுன்னு சொன்னாங்களே?"

"ஊரு செவ்வா எங்க ஞாயிறு டாக்டர். அப்ப ஊரு புதன் எங்க திங்கள். ஊரு வியாழன் எங்க செவ்வா."

"அப்போ இன்னிக்கு உங்களுக்கு லீவா?"

"இல்ல டாக்டர். லீவு எங்க ஞாயிறுல. எங்க செவ்வாயில ட்யூட்டி."

"நாளைக்கு?"

"உங்களுக்கு வெள்ளி, எங்களுக்கு புதன். சனிக்கெழம உங்களுக்கு..."

"இருங்க, இருங்க." டாக்டர் விரல் விட்டு எண்ணினார். பாதியில் குழம்பிப்போய் மேசையிலிருந்த போனைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

தாமஸ் கார்முகில் பக்கம் சாய்ந்தார். "டாக்டருக்கே கெழம தெரியலையேம்மா. இவர எந்த மாடியில போடப் போறே?"

டாக்டரே சிரித்துவிட்டார். "சரி ஐயா, போன தடவை வெறும் ஞாயிறுன்னு மட்டும் ஏன் சொன்னீங்க?"

"வாசல்ல இன்னா எழுதி கீது? இதுவும் உங்கள் வீடுன்னு. வூட்டுக்குள்ள ஒருத்தர் கெழம கேட்டா வூட்டுக் கெழமதான சொல்லணும்?"

கடிகாரம் வரையச் சொன்னபோது பன்னிரண்டு எண்களையும் போட்டார். "இத்தினியும் வேணும்னு மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே போட்டிருப்பேன்." நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னதும், "அதென்னா ஏழு?" என்று முறைத்துவிட்டு நாலு படி இறங்கினார். கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன மூன்று வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார் டாக்டர்.

"ஆப்பிள். மேசை." தாமஸ் நின்றார். மேலே பார்த்தார். விரல்களைத் தொடையில் தட்டினார். "அதான், மழ வந்தா புடிப்பாங்களே, அது."

"பேரு சொல்லணும் ஐயா."

"பேரு உங்களுக்குத் தெரியும்ல? அப்பால இன்னா?"

அதற்கு மதிப்பெண் இல்லை. ஆனாலும் மொத்தம் இருபத்தைந்து. கார்முகில் படிவத்தை எடுத்து ஃபைலுக்குள் வைத்தாள். இசக்கிதுரை நாற்காலியில் இருந்தபடியே கை தட்டினார். கங்கம்மாள் பாயசம் வைக்க மறுத்துவிட்டு, கூடுதலாக ஒரு அப்பளம் பொரித்துக் கொடுத்தாள்.

ஜெர்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் அப்பாவோடு வாசல் வரைக்கும் நடந்தாள்.

"எப்படிப்பா மடக்கினே அந்த டாக்டர!"

தாமஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். கன்டெய்னர் லாரி ஒன்று போய் முடிகிறவரை காத்திருந்தார்.

"அன்னிக்கி டிராஃபிக் இல்ல ஜெர்சி."

"என்னிக்கி?"

"கறி வாங்கப் போனேனே, அன்னிக்கி. படப்பைக்கு ஒழுங்காதான் போனேன். கறியும் வாங்கினேன். திரும்பிவரச்சொல ஆட்டோ ஒரகடம் கூட்டுரோட்டுல நின்னுச்சு. எல்லாரும் எறங்கி வேற ஆட்டோவுல ஏறினாங்க. நானும் ஏறினேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல எறக்கி வுட்டாங்க."

"டேங்க் ஸ்டாப்ப விட்டுட்டியா? அதுல என்னப்பா இருக்கு, எனக்கும்தான்..."

"அது இல்ல. வழி தெரியாம நிக்கிறது வேற. எங்க போவணும்ன்றதே எனக்கு வரல. கையில கறி கீது. கறின்னா யாராவது ஆக்கணும். யாரு ஆக்கறாங்க? வூட்ட நெனச்சேன். பூட்டி சாவிய நீ வச்சினு கீறே, அது ஞாபகம் வந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. மூணு மணி நேரம் நின்னேன்."

"அப்புறம் எப்படி வந்தே?"

"இந்தக் கறிய எட்துகினு போனா அந்தப் பொம்பள திட்டுமேன்னு ஒரு பயம் வந்துச்சு பாரு. எந்தப் பொம்பளன்னு யோசிச்சேன். கங்கம்மா. அப்பதான் எடம் தெரிஞ்சுது."

அவர் சிரித்தார். அவளால் உடனே சிரிக்க முடியவில்லை.

"அவங்ககிட்ட நான் சொல்லணுமா, நீ சொல்றியா?" என்று கேட்டார் தாமஸ்.

அன்று மதிய ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜெர்சி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கார்முகிலிடம் அவள் சொன்ன எதுவும் பொய் இல்லை. செவ்வாய் அவர்கள் வீட்டு ஞாயிறுதான். கடிகாரத்தில் அந்த மூன்று எண்கள் ஷிப்ட் நேரம்தான். ஆனால் அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு ஆவேசமாக வாதாடியது யாருக்காக? அப்பாவுக்காகவா, இல்லை, அப்பாவைக் கொண்டுபோய் விட்டவள் என்ற பேரோடு அப்பாவைப் பூட்டி வைத்தவள் என்ற பேரும் சேராமல் இருக்கவா? கம்பெனியில் ஒரு பாகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அளவு சரியாக இருந்தால் மேற்கொண்டு பார்க்காமல் பாஸ் போட்டுவிடுகிற ஆட்களை அவளுக்குப் பிடிக்காது. இன்று அவளே பாஸ் போட்டிருந்தாள். குடை என்ற சொல் வராமல் அவர் தொடையில் தட்டியபோதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது.

மறுநாள் காலை இரண்டு பேரும் சேர்ந்தே கார்முகிலிடம் போனார்கள். தாமஸ் ஒன்று விடாமல் சொன்னார், கங்கம்மாள் பயம் உட்பட.

கார்முகில் பேனாவைக் கீழே வைத்தாள். "இதை நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமே அங்கிள். பாஸாயிட்டீங்களே?"

"பாஸானதாலதாம்மா தைரியமா சொல்றேன். மொதல்லயே சொல்லியிருந்தா நேரா மாடிக்கு ஏத்தியிருப்பே."

அவள் யோசித்தாள். ஃபைலைத் திறந்து டாக்டருக்கு போன் செய்தாள். பிறகு முடிவைச் சொன்னாள். இப்போதைக்குக் கீழ்த்தளத்திலேயே இருக்கலாம். ஆனால் தனியாக கேட்டைத் தாண்டக் கூடாது. வெளியே போக வேண்டுமென்றால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி பரீட்சை.

"அரியர் மாதிரியா?" என்றார் தாமஸ்.

"அப்படித்தான்."

வீட்டு ஆள் என்றால் ஜெர்சி ஒருத்திதான். அவளுக்கு வார விடுமுறை ஊர் ஞாயிறு. அடுத்த நாள் கேன்டீனில் அவள் வில்சன் எதிரே போய் உட்கார்ந்தாள். அதே லைனில் வேலை செய்கிறவன். தேவாலயப் பாடகர் குழுவில் நல்ல குரல் என்று பேர் வாங்கியவன். ஆனால் அவனுக்குச் செவ்வாய் விடுமுறை என்பதால் வருஷத்தில் நாலு ஞாயிறு பாடினால் அதிகம்.

"வில்சன், உன் செவ்வாய எனக்குக் குடு. என் ஞாயிற நீ வச்சுக்கோ."

வில்சன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தான். "அக்கா, ஏழைய வச்சு விளையாடாத."

"வேணுமா வேணாமா?"

"ஸ்தோத்திரம்!" என்று அவன் கத்தியதில் பக்கத்து மேசையே திரும்பியது.

சூப்பர்வைசர் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். "ஏம்மா, என் சர்வீஸ்ல ஞாயித்துக்கெழமைய விட்டுக் குடுக்கிற மொத ஆளு நீதான்."

மாற்றிக் கிடைத்த முதல் செவ்வாயன்று காலை எட்டு மணிக்கு ஜெர்சி அந்திச்சோலைக்குப் போனாள். தாமஸ் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலை வாரி ரெடியாக இருந்தார். ரெஜிஸ்டரில் காரணம் என்ற இடத்தில் 'கறி' என்று எழுதினார். "எனக்கு ஈரல் கொஞ்சம் தனியா வாங்கியாரும்வே" என்று இசக்கிதுரை பின்னாலிருந்து குரல் கொடுத்தார். கிச்சன் ஜன்னலில் கங்கம்மாள் தெரிந்தாள். "எலும்பு கம்மியாப் போடச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

படப்பையில் கறிக்கடைக்காரர், "இன்னா பெருசு, ஆளையே காணோம்?" என்றார்.

"பரீட்ச இருந்துச்சுபா."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் தாமஸ் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஜெர்சி பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏறும்போதே ஒரு முடிவு எடுத்திருந்தாள். எங்கே இறங்க வேண்டும் என்று தானாகச் சொல்லப் போவதில்லை. அப்பா சொல்கிறாரா பார்க்கலாம்.

தாமஸ் டிரைவருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "ரிவர்ஸ்ல போவச்சொல கண்ணாடிய மட்டும் நம்பாத. கழுத்தத் திருப்பணும். கழுத்து எதுக்கு குட்த்து கீறான் ஆண்டவன்?"

பெட்ரோல் பங்க் வந்தது. பிளாட் விற்கிற இடத்தின் அலங்கார வளைவு வந்தது. தூரத்தில் தண்ணீர் டேங்க் தெரிந்தது. ஜெர்சி அப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடரி திரும்பவில்லை. டேங்க் பக்கத்தில் வந்தது. "நான் ஓட்டின காலத்துல..." என்று அவர் ஆரம்பித்தார். டேங்க் பின்னால் போனது. அவள் மனதுக்குள் பத்து வரை எண்ணலாம் என்று தொடங்கி, ஆறில் உடைந்தாள்.

"அண்ணா, நிறுத்துங்க."

இருவரும் இறங்கினார்கள். ஆட்டோ போயிற்று. தாமஸ் திரும்பி டேங்கைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இன்னா ஜெர்சி, ஸ்டாப்பத் தாண்டி எறக்கறே? கார்முகிலுக்குத் தெரிஞ்சா உன்னத் தூக்கி மாடியில போட்டுடும்."

அவள் அவர் முகத்தைத் துருவினாள். தெரிந்தே சும்மா இருந்தாரா, இப்போது டேங்கைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததா? இரண்டு கிழமையையும் ஒரே மூச்சில் சொல்லி டாக்டரைக் குழப்பிய அதே முகம். ஒன்றும் பிடிபடவில்லை.

"நீ ஏம்பா சொல்லல?"

"கூட வர்றது வூட்டு ஆளு. எனக்கின்னா கவல?"

அவள் மடியிலிருந்து கைக்கு மாறியிருந்த கறிப் பையை வாங்கிக்கொண்டு, ரோட்டின் ஓரம் பிடித்து, டேங்க் இருக்கும் திசையில் அவர் முன்னால் நடக்கத் தொடங்கினார். ஜெர்சி கூட்டிப் போக ஓடவில்லை. இரண்டடி பின்னாலேயே, பார்த்தபடி நடந்தாள்.